முதல் வேண்டாம்

லூன்கிரெஸ்ட் இன்சூரன்ஸ் கம்பெனி தன்னைக் கம்பெனி என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. குடும்பம் என்றுதான் சொல்லிக்கொள்ளும். அதன் சின்னத்தில் ஏரியில் மிதக்கும் ஒரு லூன் பறவை. அதன் முதுகில் ஒரு குஞ்சு. டுலூத் நகரத்துப் பேருந்துகளில், ஐஸ் ஹாக்கி மைதானத்துச் சுவரில், காகித ஆலையின் சாப்பாட்டு அறையில் காபி இயந்திரத்துக்கு மேலே என்று எங்கே திரும்பினாலும் அந்தத் தாய்ப் பறவை குஞ்சைச் சுமந்தபடி நம்மைப் பார்க்கும். கீழே 'நாங்கள் சுமக்கிறோம்' என்று எழுதியிருக்கும். எதுவரைக்கும் என்று எழுதியிருக்காது.

பிரிட்டா லின்ட்வால் அப்படிச் சுமக்கப்பட்ட குஞ்சுகளில் ஒருத்தி. இருபத்தோரு வயது. உள்ளூர்க் கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் படித்தாள். தோழிகளோடு வாடகை அறையில் இருந்துகொண்டு, சாயங்காலங்களில் ஐஸ் மைதானத்தில் சறுக்குக் காலணிகளின் கத்திகளுக்குச் சாணை பிடித்தாள். அவளுக்கு ஆறு வயதாகும்போது அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு தலை பின்னிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் எல்லாம் அப்பா ஆர்லன்தான். காகித ஆலையில் அவர் ஷிப்ட் மேற்பார்வையாளர். ஆலை கொடுத்த இன்சூரன்ஸில் அவர் பெயரும், அவர் பெயருக்குக் கீழே மகள் பெயரும் இருந்தன.

பிரிட்டாவுக்குக் குடலில் புண் வரும் நோய். எட்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் நாற்காலியில் சாய்ந்து டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றிக்கொண்டால் அவள் மற்றவர்களைப் போல ஓடுவாள், சாப்பிடுவாள், சிரிப்பாள். தவறிவிட்டால் குளியலறைத் தரையில் சுருண்டு கிடப்பாள். நோய் இன்னதென்று தெரியாத பதினாறு வயதில் அப்படி ஒருமுறை கிடந்தபோது, ஆர்லன்தான் அவளைக் கைகளில் அள்ளிக்கொண்டு பனியில் கார் வரைக்கும் ஓடினார். அன்றைக்கு அவர் காலில் செருப்புக்கூட இல்லை. அந்த மருந்தின் விலையைக் கேட்டால் ஆரோக்கியமானவனுக்கே குடல் புரளும். இன்சூரன்ஸ் இல்லாமல் அதை வாங்க அந்த ஊரில் யாராலும் முடியாது.

இனி குடும்பத்தின் சடங்குகளைப் பார்ப்போம். வருஷத்துக்கு ஒருமுறை லூன்கிரெஸ்ட்டிலிருந்து போன் வரும். அதற்கு 'மகள்தன்மைச் சரிபார்ப்பு' என்று பெயர்.

"வணக்கம், குடும்பத்துல இருந்து பேசுறோம். நீங்க இன்னும் ஆர்லன் லின்ட்வாலோட பொண்ணுதானா?"

"ஆமாங்க."

"போன வருஷத்துக்கு அப்புறம் ஏதாவது மாற்றம் உண்டா?"

"பொண்ணா இருக்கிறதுலயா?"

"ஆமா."

"இல்லீங்க."

"சந்தோஷம். இதே கேள்விய அப்பாகிட்டயும் கேப்போம். ரெண்டு பதிலும் பொருந்தணும்."

ஒரு வருஷம் பொருந்தவில்லை. ஆர்லன் ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்தார். "இன்னும் உங்க பொண்ணுதானா?" என்று கேட்டதற்கு, "இப்போதைக்கு" என்று முனகிவிட்டார். உடனே விசாரணை வந்தது. தகப்பனும் மகளும் சேர்ந்து ஒரே மீனைத் தூக்கிப் பிடித்தபடி எடுத்த போட்டோ வேண்டும், மீனின் முகம் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். அனுப்பினார்கள். மீன் ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஆர்லனின் மூக்குக்கும் பிரிட்டாவின் மூக்குக்கும் உள்ள ஒற்றுமை போதாது என்று ஒரு குறிப்பு மட்டும் வந்தது. தகப்பனும் மகளும் அதை வைத்து ஒரு வாரம் சிரித்தார்கள். அப்போது சிரிக்க முடிந்தது.

அந்த ஊரின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லாமல் மேலே போக முடியாது. ஒருவர் வீட்டுக்குப் போனால், "காபி சாப்பிடுறீங்களா?" என்பார்கள். "வேண்டாம், பரவாயில்லை" என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான், "சரி, அரை கப் மட்டும்" என்று சொல்லி இரண்டு கப் குடிக்கலாம். முதல் தடவையிலேயே சரி என்பவன் சிகாகோக்காரனாக இருப்பான். முதல் தடவையோடு கேட்பதை நிறுத்திக்கொள்பவனை மனிதன் என்றே அங்கே யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. இதை பிரிட்டாவுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் ஆர்லன்தான். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் கேக் நீட்டியதும் அவள் கை நீட்ட, அவர் மேஜைக்கு அடியில் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

நவம்பரில் ஒருநாள் ஆர்லன் போன் செய்தார்.

"கண்ணு, சனிக்கிழமை ஓய்வா? நம்ம இன்சூரன்ஸ்காரங்க என்னமோ விழா வெச்சிருக்காங்க. வளந்த பிள்ளைங்களுக்கு. 'பறக்கும் நாள்'னு பேரு. சாப்பாடு உண்டு."

"எதுக்குப்பா விழா?"

"யாருக்குத் தெரியும். சாப்பாடு நல்லாயிருக்கும்னாங்க."

ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் பெரிய கூடத்தில் விழா நடந்தது. உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்ட உணவுத் தட்டுகளில் வரிசையாக ஆவி பறந்தது. ஒரு பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியக் குழுவைக் கூலிக்குப் பிடித்து மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் ஆள் உயரத்துக்கு லூன் பறவை. அதன் முதுகில் குஞ்சு இல்லை. சற்றுத் தள்ளித் தண்ணீரில் தனியாகக் கிடந்தது.

பறத்தல் பிரிவின் துணைத் தலைவர் டெனிஸ் ப்ரோக்மன் மைக்கைப் பிடித்தார். சிவந்த முகம், பின்னல் கம்பளிச் சட்டை, சர்ச் பாதிரியாரின் குரல்.

"அன்பான குடும்பமே! நிறைய பேர் நம்ம சின்னத்தைப் பாத்துட்டு, பறவை குஞ்சைச் சுமக்குதுன்னு நினைக்கிறாங்க. உத்துப் பாருங்க. அது தண்ணியோட ஆழத்தைப் பாத்துக்கிட்டிருக்கு." கைதட்டல் எழுந்தது. "சட்டம் என்ன சொல்லுது? இருபத்தாறு வயசு வரைக்கும் பிள்ளைங்க பெத்தவங்க இன்சூரன்ஸ்ல இருக்கலாம்னு சொல்லுது. படிச்சாலும் சரி, படிக்காட்டியும் சரி. கல்யாணம் ஆனாலும் சரி, ஆகாட்டியும் சரி. நாங்க சட்டத்தை மதிக்கிறவங்க. ஒரு குஞ்சைக்கூட நாங்க தள்ளினதில்ல, தள்ளவும் மாட்டோம். குஞ்சுங்க தாங்களாவே குதிக்கிறாங்க. பெத்தவங்க வழியனுப்புறாங்க. நாங்க மேடை போட்டு கேக் வாங்கி வைக்கிறோம். எங்க வேலை அவ்வளவுதான்."

பிள்ளைகளை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஹிப்பிங் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பையனிடம் ப்ரோக்மன், "இனிமேலும் உங்க பெத்தவங்க இன்சூரன்ஸ்ல இருக்க ஆசைப்படுறீங்களா?" என்று கேட்டார். பையன் காது சிவந்து, "வேண்டாங்க, பரவாயில்லை" என்றான். பேண்டு முழங்கியது. தலைக்கு மேலே தாளால் செய்த இறகுகள் கொட்டின. பையன் அடுத்த கேள்விக்காக வாயைத் திறந்தபடியே நின்றான். அவனைத் தோளில் தட்டி இறக்கிவிட்டார்கள்.

அடுத்து ஒரு பெண். சிகாகோவிலிருந்து போன வருஷம்தான் குடி வந்தவர்கள். "ஆமா, இருக்கணும்" என்றாள் பளிச்சென்று. கூடம் அடங்கிப்போனது. யாரோ ஸ்பூனைக் கீழே போட்டார்கள். ப்ரோக்மன் வருத்தத்தோடு புன்னகைத்து, "நிதானமா யோசிம்மா" என்று அவளைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். கேக் வெட்டும் வரைக்கும் அவள் திரும்பி வரவில்லை.

மூன்றாவதாக பிரிட்டா. ஆர்லனும் அவளோடு மேடை ஏறினார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கழுத்துப் பட்டி அவரைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது.

"அப்பா, உங்க பொண்ணைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றார் ப்ரோக்மன்.

ஆர்லன் மைக்கைப் பார்த்து இருமினார். பிறகு, "பதினெட்டு வயசுல இருந்து இவ என்கிட்ட ஒத்தைக் காசு வாங்கினதில்லீங்க," என்றார். "வாடகை, சாப்பாடு எல்லாம் அவ சம்பாத்தியம். படிப்புக்குக்கூட அவ பேர்லயே கடன் வாங்கிக்கிட்டா. தன் காலுல நிக்கிறா. எனக்குப் பெருமையா இருக்கு."

பிரிட்டாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அந்த ஊரில் தகப்பன்மார் மகளைப் புகழ்வது மகளின் கல்யாணத்திலும் தங்கள் மரணப் படுக்கையிலும்தான். இரண்டு இடத்திலும் சுருக்கமாகத்தான். இவ்வளவு பேருக்கு முன்னால் அப்பா இப்படிச் சொல்லுவார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அந்த வார்த்தைகளை மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு இயந்திரத்தை வைத்து, சுடச்சுட ஒரு மரப்பலகையில் செதுக்கினார்கள். கீழே ஆர்லன் கையெழுத்துப் போட்டார். பிரிட்டா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ப்ரோக்மன் கேட்டார். "பிரிட்டா, இனிமேலும் உங்க அப்பா இன்சூரன்ஸ்ல இருக்க ஆசைப்படுறீங்களா?"

"வேண்டாங்க, பரவாயில்லை," என்றாள் பிரிட்டா.

சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தாள். ப்ரோக்மன் கேட்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். ஆர்லன் பேண்டு வாத்தியக் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம் அதிர்ந்தது. காகித இறகுகள் அவள் வாயிலும் கண்ணிலும் விழுந்தன.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டாள்.

"அப்பா, அங்க கேட்டதெல்லாம் சும்மா சடங்குக்குத்தானே?"

"ஆமா கண்ணு."

"எனக்கு ஜனவரில டிரிப்ஸ் இருக்கு."

"தெரியாதா எனக்கு? நான் பாத்துக்கிறேன்."

அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அவளுக்கு வேறெதுவும் தேவையில்லை. அத்தோடு அதை மறந்துவிட்டாள்.

டிசம்பரில் ஏரி உறைந்தது. ஆர்லன் புதிதாக ஒரு மீன்பிடிக் கூடாரம் வைத்திருந்தார். சிவப்பு நிறம், உள்ளே ஹீட்டர், ஐஸில் ஓட்டை போட்டு உட்கார இரண்டு நாற்காலி. வாசல் மடிப்பில் சின்னதாக லூன் பறவை. "ஆலையில கொடுத்தாங்க" என்றார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தகப்பனும் மகளும் அதற்குள் உட்கார்ந்து மீன் பிடித்தார்கள். பிரிட்டா ஹீட்டரில் கையைக் காட்டிக்கொண்டு, "நல்லா கதகதப்பா இருக்குப்பா" என்றாள். ஆர்லன் தூண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் கடிக்கிறது போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

ஜனவரியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கவுன்டரில் இருந்தவள் கணினியைத் தட்டினாள்; மறுபடி தட்டினாள்.

"உங்க பேரு வரலையே."

"எழுத்து சரியா பாருங்க. லின்ட்வால்."

"லின்ட்வால் வருது. ஆர்லன்னு ஒருத்தர் வர்றார். அவருக்குக் கீழ யாரும் இல்ல."

அவருக்குக் கீழே யாரும் இல்லை. பிரிட்டா அந்த வாக்கியத்தோடு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஏதோ கம்பெனியின் தவறாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அப்பாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தானே லூன்கிரெஸ்ட் ஆபீசுக்குப் போனாள்.

ப்ரோக்மன் எழுந்து நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அடடே, பறந்துபோன குஞ்சு! வாங்க வாங்க. காபி?"

"வேண்டாங்க, பரவாயில்லை."

அவர் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார்.

பிரிட்டா நடந்ததைச் சொன்னாள். மேடையில் தான் சொன்னது முதல் வேண்டாம்தான் என்றும், இன்னும் இரண்டு முறை கேட்டிருந்தால் வேண்டும் என்று சொல்லியிருப்பேன் என்றும் தயங்கித் தயங்கி விளக்கினாள். ப்ரோக்மன் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"தெரியும்மா. நானும் இந்த ஊர்க்காரன்தான். எங்கம்மா வீட்ல மூணு தடவை கேக்காம தண்ணிகூடத் தர மாட்டாங்க. எங்க ஆய்வுக் குழு இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்கு. இந்த மாநிலத்துல முதல் தடவையே 'சரி'ன்னு சொல்றவங்க கைவிரல்ல எண்ணிடலாம். அதனாலதான் ஒரே ஒரு தடவை கேக்கிறதுன்னு முடிவு பண்ணினோம். அதுக்கு 'மரியாதைக் கேள்வி'ன்னு பேரு. போன வருஷம் இதுக்கு எங்களுக்கு விருதுகூடக் கிடைச்சுது."

"எதுக்கு விருது?"

"பண்பாட்டை மதிச்சதுக்கு." சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினார்.

"ஆனா நான் நோயாளிங்க. எனக்கு மருந்து ஏத்தணும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஆரோக்கியமான பிள்ளைங்க எங்க முதுகுல எத்தனை வருஷம் வேணாலும் இருக்கலாம், எங்களுக்குப் பாரமே இல்ல. உங்கள மாதிரி பிள்ளைங்களுக்குத்தான் சுதந்திரம் ரொம்ப அவசியம்." ஒரு வாய் காபி குடித்தார். "இன்னொண்ணையும் கவனிக்கணும் நீங்க. மேடையில சொன்னதோட நாங்க பேரை எடுத்துடல. சட்டப்படி எடுக்கவும் முடியாது. அப்பாதான் எடுக்கணும். யோசிக்கிறதுக்கு அவருக்கு ஒரு வாரம் கொடுத்தோம். வீட்ல உங்ககிட்ட மறுபடி கேட்டிருப்பாரே?"

பிரிட்டா சுவரில் இருந்த விருதைப் பார்த்தாள்.

"வழியனுப்புற பெத்தவங்களுக்கு எங்க சார்புல ஒரு சின்ன அன்பளிப்பும் உண்டு. நிறைய பேர் கிரில் அடுப்புதான் எடுப்பாங்க. உங்கப்பா மீன்பிடிக் கூடாரம் எடுத்துக்கிட்டார். நல்ல ரசனை."

தன் அப்பாவைப் பற்றித்தான் இந்த ஆள் பேசுகிறான் என்பதை அவள் மனம் ஒப்புக்கொள்ள மறுத்தது. வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். பெற்றவரே விருப்பப்பட்டு நீக்கியதால் நடுவில் சேர்க்க முடியாது, புதிதாகப் பெயர் சேர்க்க அடுத்த இலையுதிர் காலத்தில்தான் கதவு திறக்கும் என்று சொல்லி, அதுவரைக்கும் பறக்கும்படி ப்ரோக்மன் கேட்டுக்கொண்டார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அங்கிருந்து நேராக ஏரிக்குப் போனாள். உறைந்த ஏரியின் மேல் கால் வழுக்க வழுக்க நடந்து அந்தச் சிவப்புக் கூடாரத்தின் மடிப்பைத் திறந்தாள். ஆர்லன் நிமிர்ந்து பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"உக்காரு கண்ணு. குளிரடிக்குது."

"இதுக்குள்ளயா?"

ஆர்லன் தூண்டில் நூலைச் சுற்றினார். "நீதானே வேண்டாம்னு சொன்ன?"

"அப்பா. அது முதல் வேண்டாம்."

வெளியே யாரோ ஐஸில் ஓட்டை போடும் சத்தம் கேட்டது. ஆர்லன் ஓட்டைக்குள் இருந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

"மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கிறாங்க. உன் பேரு இருந்தா ஒரு தொகை, இல்லன்னா ஒரு தொகை. நீயோ ஒரு ஆளா நிக்கிற. கல்லூரில ஏதாவது இன்சூரன்ஸ் இருக்கும், நீ சமாளிச்சுக்குவேன்னு நினைச்சேன். நீ எதையும் சமாளிக்கிறவ."

"என்னை ஏன்பா இன்னொரு தடவை கேக்கல? காருல வந்தோமே. கிறிஸ்துமஸுக்கு இதே இடத்துல உக்காந்திருந்தோமே."

"கேட்டிருந்தா நீ வேணும்னு சொல்லியிருப்ப," என்றார் ஆர்லன்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதைப் போலத்தான் சொன்னார். வெறும் காலோடு பனியில் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர்தானா இவர் என்று பிரிட்டா பார்த்தாள். அவரேதான். மூக்குகூடத் தன்னுடைய மூக்கைப் போலத்தான் இருந்தது. அதை எவன் போதாது என்றானோ, அவன் ஒரு குருடன். அவளுக்கு அழுகை வந்தது. அந்தக் கூடாரத்துக்குள் அழ மாட்டேன் என்று வெளியே வந்து அழுதாள்.

கல்லூரி இன்சூரன்ஸ் ஆபீசில், செப்டம்பரில் சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். அப்போது அப்பா இன்சூரன்ஸ் இருப்பதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான். கடைசியில், ஏழைகளுக்கு மாநில அரசு கொடுக்கும் மருத்துவ உதவியைக் கேட்டு அரசாங்க ஆபீசுக்குப் போனாள். அங்கே ஜோலீன் என்ற பெண் இருந்தாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"வரிக் கணக்குல நீ யாரு பிள்ளை?"

"எங்கப்பா எழுதுவாரு. என்னை அவர் தாங்குற பிள்ளைன்னு."

"அப்போ அவரு வருமானம் உன் வருமானம். நீ ஏழை இல்ல. ஆலை மேற்பார்வையாளர் வேற. வாழ்த்துகள்."

"ஆனா அவர் எனக்கு எதுவும் தர்றதில்லையே."

"தரணும்னு அவசியமில்ல. தந்த மாதிரி நாங்க நினைச்சுக்குவோம்."

"இன்சூரன்ஸ்ல இருந்து என்னை எடுத்துட்டாருங்க."

"அது இன்சூரன்ஸ். அங்க நீ அவருக்குப் பிள்ளையா இல்லாம இருக்கலாம். வரியில நீ அவர் மடியிலதான் உக்காந்திருக்க. மடியில உக்காந்திருக்கிற பிள்ளைக்கு அரசாங்கம் சோறு போட முடியாது." ஜோலீன் கண்ணாடியைத் துடைத்தாள். அவளும் மனுஷிதான். "உன் செலவுல பாதிக்கு மேல நீயே பாத்துக்கிட்டா அவர் உன்னை எழுதக் கூடாது, தெரியுமா? உன் பேர்ல வாங்கின கல்விக் கடனும் நீ போட்ட காசுதான். அப்பாகிட்ட போய்ச் சொல்லு. இந்த வருஷம் எழுத வேண்டாம்னு."

அன்று சாயங்காலம் பிரிட்டா போன் செய்தாள். வயிறு அப்போதே முறுக்க ஆரம்பித்திருந்தது.

"அப்பா, வரிக் கணக்குல என் பேரை எழுதாதப்பா. எழுதலைன்னா எனக்கு அரசாங்க உதவி கிடைக்கும். டிரிப்ஸ் ஏத்திக்குவேன்."

மறுமுனையில் ஆர்லனுக்குக் குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது.

"என்ன பேச்சு பேசுற நீ? நீ என் பொண்ணு. எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான். எவன் என்ன சொன்னாலும் அந்தக் காகிதத்துல இருந்து உன் பேரை நான் எடுக்கவே மாட்டேன்."

"அதுல உனக்கு வரி குறையுதுப்பா."

"அது வேற விஷயம்."

பிரிட்டா மறுபடி கேட்டாள். மாட்டேன் என்றார். ஊர் வழக்கப்படி மூன்றாவது தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவையும் அவர் மாட்டேன் என்றார். கூடாரத்துக்காக மகளைக் கைகழுவ முடிந்தவருக்கு, வரிக்காக மகளைக் கட்டிக்கொள்ளவும் முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு முரண்பாடும் தெரியவில்லை. நாடே அப்படித்தான் கணக்கு வைத்திருக்கும்போது, காகித ஆலைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் பிரிட்டாவுக்கு நாடு தகப்பன் இல்லை. அவர்தான் தகப்பன்.

அடுத்த வாரம் அவள் குளியலறைத் தரையில் கிடந்தாள். தோழிகள் கதவைத் தட்டி, "ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்றார்கள். உள்ளேயிருந்து, "வேண்டாம், பரவாயில்லை" என்று பதில் வந்தது. அவர்கள் இன்னும் இரண்டு முறை தட்டினார்கள். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வலிக்கு ஊசி போட்டார்கள். அந்த மருந்தை மட்டும், யார் பணம் கட்டுவது என்று தெரியாமல் ஏற்ற முடியாது என்றார்கள்.

திரும்பி வந்த அன்றைக்கு அறையில் படுத்தபடியே சுவரைப் பார்த்தாள். சுவரில் அந்த மரப்பலகை தொங்கியது. அப்பா தன்னைப் புகழ்ந்த ஒரே ஒரு நாளின் பலகை. இத்தனை நடந்த பிறகும் அதைக் கழற்ற அவளுக்கு மனசு வரவில்லை. இப்போது எழுந்து கழற்றினாள்.

ஜோலீன் அந்தப் பலகையை எட்டப் பிடித்துப் படித்தாள். 'பதினெட்டு வயதிலிருந்து என்னிடம் ஒற்றைக் காசு வாங்கியதில்லை. வாடகை, சாப்பாடு எல்லாம் அவள் சம்பாத்தியம். படிப்புக்கும் அவள் பெயரிலேயே கடன்.' கீழே கையெழுத்து. பக்கத்தில் லூன்கிரெஸ்ட் முத்திரை.

"இது யாரு கையெழுத்து?"

"அப்பாவோடது."

"அவரா விருப்பப்பட்டுப் போட்டாரா?"

"பேண்டு வாத்தியத்தோட போட்டாருங்க."

ஜோலீன் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். மேலதிகாரி அவருடைய மேலதிகாரியைக் கூப்பிட்டார். பலகையைக் கோப்பில் வைக்க முடியுமா என்று விவாதம் நடந்தது. மரத்தை ஆவணமாக ஏற்க விதி இல்லை. மறுக்கவும் விதி இல்லை. கடைசியில் இரண்டு பேர் தூக்கி நகல் இயந்திரத்தின் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தார்கள். மூடி மூடவில்லை. பச்சை வெளிச்சம் கூரை வரைக்கும் அடித்தது. நகலில் எழுத்துகளைவிட லூன் பறவை தெளிவாக விழுந்திருந்தது.

"இது போதும்," என்றாள் ஜோலீன். "இனி நீ உன் வரிக் கணக்கை முதல்ல போட்டுடு. என்னை யாரும் தாங்கலைன்னு எழுது. அவர் அப்புறம் போட்டா அவருதுதான் திரும்பி வரும்."

'என்னை யாரும் தாங்கவில்லை.' பிரிட்டா அப்படியே எழுதினாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பனி உருகத் தொடங்கும் முன்பே உதவி வந்தது. ஆஸ்பத்திரியில் அதே சாய்வு நாற்காலி. நர்ஸ் புறங்கையில் ஊசியைச் செருகிவிட்டு, "போர்வை வேணுமா?" என்றாள்.

"வேண்டாம், பரவாயில்லை."

"கை ஜில்லுனு இருக்கே. ஒண்ணு கொண்டு வரட்டுமா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"எனக்கென்ன சிரமம், சூட்டுப் பெட்டியில வெச்சிருக்கேன். கொண்டு வர்றேன், சரியா?"

"சரி," என்றாள் பிரிட்டா. நர்ஸ் இரண்டு போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனாள். முன்பின் தெரியாத பெண் அவள்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அப்பா.

"என் வரிக் கணக்கைத் திருப்பி அனுப்பிட்டாங்க கண்ணு. உன் பேரை வேற யாரோ எழுதிட்டாங்களாம்."

"நான்தாம்பா எழுதினேன்."

"உன்னை நீயேவா?"

"ஆமா."

"சொந்த அப்பாவுக்கே இப்படிச் செய்வியா?" அவர் குரலில் நிஜமான அடி இருந்தது. "அதை நம்பி நான் படகுக்கு மோட்டார் சொல்லி வெச்சிருந்தேன்."

"உன் பலகையைத்தான்பா காட்டினேன். நீ சொன்னதைத்தான்."

போனுக்குள் காற்று அடித்தது. கூடாரத்துத் துணி படபடப்பது கேட்டது.

"மருந்து ஏறுதா?"

"ஏறிக்கிட்டிருக்கு."

"வலிக்குதா?"

"அவ்வளவா இல்ல."

"தனியாவா இருக்க?"

"ஆமா."

ஆர்லன் தொண்டையைச் செருமினார். "நான் வேணும்னா வரட்டுமா? பக்கத்துல உக்காந்திருக்கேன்."

வா என்று சொல்ல பிரிட்டாவுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று அந்த ஊரில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"வேண்டாம்பா, பரவாயில்லை," என்றாள்.

சொல்லிவிட்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சரி கண்ணு," என்று ஆர்லன் போனை வைத்தார்.